வெள்ளிதோறும் எடுக்கப்பட்டது

அக்டோபர் 4, புதன்

பிரஷர் 150/96.

டாக்டர் இரண்டு காரியம் சொன்னார். தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுத வேண்டும். கூடவே, மனதில் என்ன ஓடுகிறது என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுத வேண்டும். முதலாவதற்கு மெஷின் வாங்கியாயிற்று. இரண்டாவதற்கு உலகம்மாள் இந்த டைரியைக் கொடுத்தாள். உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த போன வருடத்து டைரி. கிழமை ஒத்துவராது, அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்றாள். உலகம்மாள் என் மனைவி. யார் கையில் கிடைக்கும் என்று தெரியாததால் இதையும் எழுதிவைக்கிறேன்.

என் பெயர் கோமதிநாயகம். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறைக்குக் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். மனதில் ஒன்றும் ஓடவில்லை.

இன்று காலை துறைக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. உள்ளேயிருந்து பல்லி சொல்வது மாதிரி டக், டக் என்று சத்தம். ஹார்டு டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அந்த டிஸ்க்கை மூன்று பாகமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முதல் பாகத்தில் விண்டோஸ், இரண்டாவதில் துறைத்தலைவரின் கடிதங்கள், மூன்றாவதில் தவளைகள்.

தவளைகள் புஷ்பலீலா மேடத்துடையவை. முப்பத்தேழு வயது. எட்டு வருடமாக இங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். மழை வந்தால் நாமெல்லாம் வீட்டுக்குள் போவோம், அவர் மைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போவார். தவளை கத்துவதைப் பதிவு செய்வதுதான் ஆய்வு. பல்கலைக்கழகம் இரண்டு முறை கெடு நீட்டித்துக் கொடுத்து, அக்டோபர் 31 கடைசி என்று சொல்லிவிட்டது.

சத்தத்தைக் கேட்டு ஓடி வந்தார். "பேக்கப் இருக்கும்லா அண்ணாச்சி?"

"இருக்கும் மேடம்" என்றேன்.

வெள்ளிதோறும் மாலை நான்கு மணிக்குப் பேக்கப் எடுத்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. போன வருடம் ஆய்வுக்கு வந்த குழு அந்தப் பதிவேட்டைப் பாராட்டியது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அக்டோபர் 5, வியாழன்

பிரஷர் 154/98.

பேக்கப் டிஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் பழையதாக இருக்கிறது. டிஸ்க் இல்லை, உள்ளே இருப்பது.

புஷ்பலீலா மேடத்திடம், பேக்கப் டிஸ்க்கும் மக்கர் பண்ணுகிறது, படிக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னேன். அவர் லேப் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டும் ஒரே நாள்லயா? எல்லாம் என் ராசி அண்ணாச்சி. நான் தொட்டது எது வெளங்கிருக்கு?"

எனக்கு ராசியில் நம்பிக்கை உண்டு. அதனால் மறுத்துப் பேசவில்லை.

இதற்கென்று ஒரு மீட்பு மென்பொருள் இருக்கிறது. பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பலாம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் கிடம் ஒன்றும் இராது. சாகக் கிடக்கிற டிஸ்க்கை முதலிலிருந்து துளித்துளியாகப் படித்துப் புது டிஸ்க்கில் அப்படியே எழுதும். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து மறுபடி கேட்டுப் பார்க்கும். கோபமே வராது. நான் பார்த்ததில் இவ்வளவு பொறுமை வேறு யாரிடமும் இல்லை.

இதில் ஒரே ஒரு விதி. ஓட ஆரம்பித்த பழைய டிஸ்க்கை முடியும்வரை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மறுபடி சுழலும் என்பதற்கு யாரும் பொறுப்பு இல்லை. இன்று பதினான்காவது தடவைதான் சுழன்றது.

புது டிஸ்க்கை நானே கடையில் போய் வாங்கிவந்தேன். பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள். எது எது என்று மாறிவிடாமல் இருக்க, பழையதில் 'நோயாளி' என்றும் புதியதில் 'நகல்' என்றும் சீட்டு ஒட்டினேன். இரண்டும் பெட்டிக்கு வெளியே மேஜைமேல், வயர் மாட்டிக் கிடக்கின்றன.

முடிந்தது 0.4 சதவீதம். மீதி பத்தொன்பது நாள் என்று திரை சொல்கிறது. மேடம் விரல்விட்டு எண்ணினார். "முப்பத்தொண்ணுக்குள்ள வந்துரும்லா?"

"வந்துரும்."

அக்டோபர் 6, வெள்ளி

பிரஷர் 156/98. டிஸ்க் 5 சதவீதம்.

நான்கு மணிக்குப் பதிவேட்டில் 'பேக்கப் எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் கவனித்தேன், எடுப்பதற்குக் கம்ப்யூட்டரே இல்லை. அடித்தால் பதிவேட்டின் அழகு கெடும். விட்டுவிட்டேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

பிரஷர் 156/96. மனதில் ஒன்றும் ஓடவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

பிரஷர் 158/98. டிஸ்க் 24 சதவீதம்.

மூன்றாவது பாகத்துக்குள் நுழைந்தாயிற்று. நகலில் வந்து சேர்ந்ததை எட்டிப் பார்க்க முடியும். எழுதக்கூடாது, படிக்கலாம். மேடம் ஒரு பைலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது தெரியவில்லை. ஒரு குளத்துத் தவளை மொத்தமும் லேப்புக்குள் வந்தது. பக்கத்து வகுப்பு மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் நடவாத மாதிரி கீபோர்டைத் துடைத்தேன்.

தவளைகளுக்கு லத்தீன் பெயர் இருக்கிறது. மேடம் தனக்கென்று வேறு பெயர் வைத்திருக்கிறார். ஒன்று 'பம்புசெட்'. ஒன்று 'எண்ணெய் போடாத கதவு'. ஒன்று 'தையல் மெஷின்'.

தையல் மெஷின்தான் விஷயம். போன வருடம் ஐப்பசி மழையில், புளியரை ரோட்டுக்கு உள்ளே மலையடிவாரத்தில் ஒரு குளத்தில் கேட்டாராம். புத்தகத்தில் இருக்கிற எந்தத் தவளையின் குரலோடும் பொருந்தவில்லை. ஆய்வேட்டின் ஐந்தாவது அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான். அவருக்கு வழிகாட்டி எங்கள் துறைத்தலைவர் வேலாயுதபெருமாள் சார். ஒரு நாள் கேட்டது தற்செயல், இரண்டு நாள் கேட்டது அதிர்ஷ்டம், மூன்று தனித்தனி நாள் பதிவு இருந்தால் மட்டும் என்னிடம் பேசு என்று சொல்லியிருக்கிறார். மேடம் மூன்று நாள் பதிவு செய்திருக்கிறார்.

"இந்த வருசமும் போய் எடுக்கலாமே மேடம்" என்றேன்.

"கொளத்தையே காணோம் அண்ணாச்சி. சூன் மாசம் போனேன். செம்மண் அடிச்சு நெரப்பி, வெள்ளக் கல்லு நட்டுப் பிளாட் போட்டாச்சு. இனி அந்த மூணு பதிவுதான். அந்தத் தவள அங்ஙன இருந்துச்சுங்கதுக்கு வேற சாட்சி கெடையாது."

உங்களிடம் ஒரு பிரதி இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ரெக்கார்டர் கார்டுல எடம் கெடையாது. இங்க ஏத்திட்டு, அங்க அழிச்சிட்டு அடுத்த மழைக்குப் போவேன். நீங்கதான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எடுத்துருவியள்லா."

அக்டோபர் 10, செவ்வாய்

பிரஷர் 160/100.

"தூக்கத்துல சதவீதம் சொல்லுதிய" என்றாள் உலகம்மாள். எத்தனை என்று கேட்டேன். முப்பத்தொன்று என்றாள். காலேஜில் வந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 12, வியாழன்

பிரஷர் 162/100. டிஸ்க் 41 சதவீதம்.

டாக்டர் மனதில் ஓடுவதைத்தான் எழுதச் சொன்னார். பேக்கப் டிஸ்க் ஓடாததைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பேக்கப் டிஸ்க் மக்கர் ஒன்றும் பண்ணவில்லை. நன்றாக இருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்கு முன் அது நிறைந்துவிட்டது. புது டிஸ்க் வேண்டும் என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தின் நகல் இன்று என் மேஜை டிராயரில் கிடைத்தது. அசலும் கிடைத்தது.

புது டிஸ்க் வரும்வரை பதிவேட்டில் இடைவெளி விழக்கூடாது என்று கையெழுத்தை மட்டும் தொடர்ந்தேன். எண்ணிப் பார்த்தேன். போன வெள்ளியோடு நூற்று நாற்பத்தேழு.

அக்டோபர் 13, வெள்ளி

பிரஷர் 162/102. டிஸ்க் 47 சதவீதம்.

முதல் தையல் மெஷின் கிடைத்துவிட்டது. மேடம் கையைத் தட்டினார். நானும் தட்டினேன்.

நான்கு மணிக்குப் பதிவேட்டைத் திறந்தேன். பேனாவில் மை தீர்ந்திருந்தது. மேஜையில் இன்னொரு பேனா இருந்தது.

அக்டோபர் 15, ஞாயிறு

பிரஷர் 158/98. காலையில் கோயிலுக்குப் போனேன். நல்ல தரிசனம். மனம் அமைதியாக இருக்கிறது.

(இது உலகம்மாள் எழுதுறது. அவுக கோயிலுக்குப் போகல. காலேஜுக்குப் போயி அந்த டிஸ்க்கப் பாத்துட்டு வந்தாக. டாக்டர் உள்ளத உள்ளபடி எழுதச் சொன்னாரு. 12ஆம் தேதியையும் படிச்சேன். போயி அந்தப் பிள்ளகிட்ட சொல்லிருங்க.)

அக்டோபர் 16, திங்கள்

பிரஷர் 164/102. டைரியை இனி பீரோவில் வைத்துப் பூட்டுவதாக இருக்கிறேன். சாவி உலகம்மாளிடம் இருக்கிறது.

அக்டோபர் 17, செவ்வாய்

பிரஷர் 160/100. டிஸ்க் 70 சதவீதம்.

இரண்டாவது தையல் மெஷினும் வந்துவிட்டது. நாலு தையல் ஓட்டும், நிறுத்தும், துணியைத் திருப்பிப் போட்டது மாதிரி மறுபடி ஓட்டும். உலகம்மாள் சேலைக்கு ஓரம் அடிக்கிற சத்தமேதான் என்றேன். மேடம் சிரித்தார்.

"பிளவுஸ் கடையில கொண்டு வெச்சா ஒரு ஆளு கண்டுபிடிக்க முடியாது அண்ணாச்சி. இன்னும் ஒண்ணு. அதும் வந்துட்டா தென்காசிக்கே சுவீட்டு."

வீட்டில் செய்த அச்சுமுறுக்கு ஒரு டப்பா கொடுத்தார். "தூங்காமக் கெடந்து பாக்கிய. உங்கள மாதிரி யாரு பாப்பா?" என்றார். எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் ஒன்றுதான் தின்றேன்.

இன்று சொல்லியிருக்கலாம். மூன்றாவதும் வந்துவிட்டால் சொல்லவே தேவைப்படாது என்று நினைத்தேன். இதுவும் மனதில் ஓடியதுதான்.

அக்டோபர் 19, வியாழன்

பிரஷர் 158/98. டிஸ்க் 84 சதவீதம்.

சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஆயுத பூஜை திங்கட்கிழமை விடுமுறையில் வருவதால், நாளையே துறைகளில் பூஜை. எல்லாக் கருவிகளையும் துடைத்துப் பொட்டு வைத்து, புதன்கிழமை காலை வரை ஓய்வு கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 20, வெள்ளி

பிரஷர் 166/104. டிஸ்க் மதியம் 91 சதவீதம்.

காலையிலிருந்து துடைத்தோம். மைக்ராஸ்கோப், தராசு, பாட்டிலில் இருக்கிற பாம்பு உட்பட எல்லாவற்றுக்கும் பொட்டு. சரஸ்வதி படத்துக்கு முன் துறைப் பதிவேடுகளை அடுக்கினார்கள். மேலே இருந்தது என்னுடையது. சுத்தமாக இருப்பதால் எடுத்து மேலே வைத்தார்களாம்.

வேலாயுதபெருமாள் சார் கறுப்புத் திரையைப் பார்த்தார்.

"என்னவே கோமதிநாயகம், இது மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு? நிறுத்தும்வே. ஆயுதத்துக்கு வருசத்துல ஒரு நாளுதான் ஓய்வு."

"நிறுத்தினா மறுபடி சுத்துமான்னு தெரியாது சார்."

"சுத்தாட்டி என்ன? வெள்ளிக்கெழம தவறாம எடுத்திருக்கீருல்லா, பதிவேடுதான் சொல்லுதே."

பொரித் தட்டைப் பிடித்துக்கொண்டு புஷ்பலீலா மேடம் நின்றார். அவர்தான் பேசினார். "சார், பேக்கப் டிஸ்க்கும் படிக்கலயாம். அண்ணாச்சி மேல தப்பு இல்ல சார். அவங்க பாவம் ரெண்டு வாரமா இதுலயே கெடக்காங்க."

துறை மொத்தமும் என்னைப் பார்த்தது. படிக்கவில்லை என்று நானும் சொன்னால், அந்தப் பேக்கப் டிஸ்க்கைக் கொண்டாரும் பார்ப்போம் என்பார் சார். பேக்கப் என்று ஒன்று மூன்று வருடமாகவே கிடையாது, இதை நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்று ஒரு வரி சொன்னால் போதும். சார் பூஜையையே நிறுத்தியிருப்பார். நல்ல மனிதர். அந்த வரி வாய்வரை வந்தது. எதிரே மாலைக்குக் கீழே என் பதிவேடு இருந்தது.

"நிறுத்திருதேன் சார்" என்று சொல்லி மானிட்டரை மட்டும் அணைத்தேன்.

கம்ப்யூட்டர் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது எனக்கும் மேடத்துக்கும் மட்டும் தெரியும். அவர் குனிந்து சிரிப்பை அடக்கினார். எனக்கும் ஒரு சாமர்த்தியம் பண்ணிய சந்தோஷம். அந்த நேரம் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது. நானே நோயாளிக்குப் பொட்டு வைத்தேன். அதன் தலையில் வட்டமாக ஒரு இடம் இருந்தது, பொட்டு வைக்க வாகாக. டிஸ்க் சூடாக இருந்ததால் சந்தனம் உடனே காய்ந்துவிட்டது.

கும்பிட்டேன். இந்த ஒரு தடவை காப்பாற்றிக் கொடு என்று கேட்டேன். சுண்டல் நன்றாக இருந்தது.

அக்டோபர் 21, சனி

பிரஷர் பார்க்கவில்லை.

காலையில் காலேஜுக்குப் போனேன். வாட்ச்மேன் திறந்துவிட்டார். லேப் இருட்டாக இருந்தது. மெயின் சுவிட்ச் இறக்கியிருந்தது.

பூஜை முடிந்து கடைசியாகப் போகும்போது மெயினை இறக்குவது அட்டெண்டர் சண்முகக்கனி அக்கா. வருடாவருடம் அவர்தான். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். நேற்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. யூ.பி.எஸ். ஒரு மணி நேரம் தாங்கியிருக்கும், கத்திக் கத்தி ஓய்ந்திருக்கும்.

மெயினை ஏற்றி ஆன் செய்தேன். டக் டக் சத்தம்கூட இல்லை. அந்தச் சத்தத்துக்காக ஏங்குவேன் என்று நினைத்ததில்லை. இருபது தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். பிறகு டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சந்தனத்தைக் குச்சியால் சுரண்டினேன். அடியில் காற்றுப் போகிற ஒரு ஊசித்துளை. பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது, இந்தத் துளையை மூடாதே என்று. எனக்குத் தெரியாததில்லை. மாணவர்களுக்கு வருடந்தோறும் காட்டுவேன்.

பதினொரு மணிக்கு மேடம் போன் செய்தார். "எத்தன சதவீதம் அண்ணாச்சி?"

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றேன். அது உண்மைதான்.

அக்டோபர் 22, ஞாயிறு

பிரஷர் 172/108. மெஷினில் கோளாறாக இருக்கலாம்.

டிஸ்க்கைக் குளிர வைத்தால் சில சமயம் கொஞ்ச நேரம் சுழலும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது மூடநம்பிக்கை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைமை இல்லை. மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன்.

"நவராத்திரியும் அதுவுமா வீட்டுக்குள்ள கருவாடு கொண்டாந்துட்டியளோன்னு பாத்தேன்" என்றாள் உலகம்மாள். விவரம் சொன்னேன். இடம் போதவில்லை என்று ஐஸ் தட்டை எடுத்து வெளியே வைத்தாள்.

அக்டோபர் 23, திங்கள்

பிரஷர் 168/104. ஆயுத பூஜை.

மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், பிரஷர் மெஷின் எல்லாவற்றுக்கும் உலகம்மாள் பொட்டு வைத்தாள். ஃப்ரிட்ஜ் கதவுக்கும் வைத்தாள். உள்ளே இருப்பதற்கும் வைக்கட்டுமா என்று கேட்டாள். அதற்கு ஏற்கெனவே வைத்தாயிற்று என்றேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. டிஸ்க்கைச் சாப்பாட்டுத் தூக்கில் ஐஸுக்கு நடுவில் வைத்து எடுத்துப்போனேன். வாட்ச்மேன் என்ன கொழம்பு என்று கேட்டார்.

மூன்றாவது தடவை சுழன்றது. விட்ட இடத்தை மென்பொருள் குறித்து வைத்திருந்தது. 91லிருந்து தொடர்ந்தது. நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. நாற்பத்தொரு நிமிடம் ஓடியது. அதன் பிறகு தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். நின்றுவிட்டது. இனி அது எழுந்திருக்காது.

93.6 சதவீதம்.

பைல் பட்டியலில் மூன்றாவது தையல் மெஷினின் பெயர் இருக்கிறது. முழுதாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்க்கவில்லை. திறக்கிற உரிமை அவருடையது என்று பட்டது. பயமாகவும் இருந்தது.

அக்டோபர் 25, புதன்

பிரஷர் 164/102.

நான் சொல்லி முடிக்குமுன் மேடமே பைலைத் திறந்துவிட்டார். முதலில் அவர் குரல்தான் வந்தது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாளும் இடமும் சொல்வது வழக்கம்.

"நவம்பர் ஒம்பது. சாயங்காலம் ஆறே முக்கா. புளியர ரோட்டுக் கொளம், வடகரை. மழை விட்டு அரை மணி நேரம் ஆச்சு. காத்து இல்ல. கணுக்கால் தண்ணியில நிக்கேன். இதோ, கேக்குது."

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பைலின் நீளம் இருக்கிறது, உள்ளே சத்தம் இல்லை. திரையில் கோடு நேராக ஓடியது. ஆறு நிமிடம் பதினேழு விநாடி. மேடம் நிறுத்தவில்லை. முழுவதையும் கேட்டோம்.

"கேக்குதுன்னு சொல்லிருக்கேன்லா அண்ணாச்சி" என்றார். "கேட்டுச்சு."

அழுகை வந்தது எனக்குத்தான். மெயின் இறக்கிய கதையைச் சொன்னேன். சண்முகக்கனி அக்காவுக்கு யாரோ போய்ச் சொல்லி, அவர் லேப் வாசலில் வந்து நின்றார். "வருசா வருசம் நாந்தான சார் எறக்குதேன். எறக்காதன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்றார். சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார், அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மேடம் அக்காவின் தோளைத் தட்டி, "விடுங்கக்கா, என் ராசி" என்றார். எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

அக்டோபர் 26, வியாழன்

பிரஷர் 166/104.

வேலாயுதபெருமாள் சார் முடிவு சொல்லிவிட்டார். ஐந்தாவது அத்தியாயம் வேண்டாம். நாலு அத்தியாயத்துக்கே பட்டம் கிடைக்கும். கையில் இருக்கிற இரண்டு பதிவையும் பின்னிணைப்பில் ஒரு குறிப்பாகப் போடலாம். புது இனம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மூன்றாவது ஏன் இல்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். மேடம் தலையை மட்டும் ஆட்டினார்.

அக்டோபர் 27, வெள்ளி

பிரஷர் பார்க்கவில்லை.

மேடம் பின்னிணைப்பை அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"காரணம் என்ன போட அண்ணாச்சி? சும்மா டிஸ்க் பழுதுன்னு போட்டா, பேக்கப் ஏன் இல்லன்னு கேப்பாங்க. பேக்கப் டிஸ்க்குக்கு என்ன ஆச்சு? டெக்னிக்கலா ஒரு வார்த்த சொல்லுங்க, போட்டுருதேன்."

டெக்னிக்கலாக ஒரு வார்த்தை என்னிடம் தயாராக இருந்தது. முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லப் போனேன். அவர் விரல்களைக் கீபோர்டில் வைத்து, நான் சொல்வதை அப்படியே அடிக்கக் காத்திருந்தார்.

"பேக்கப் டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல மேடம். அது நல்லாத்தான் இருக்கு. நான் எடுக்கல."

"என்னைக்கு?"

"மூணு வருசமா."

"கையெழுத்து இருக்கே."

"கையெழுத்து மட்டும் போட்டேன்."

எழுந்து வெளியே போனார். வர அரை மணி நேரம் ஆனது. முகம் கழுவியிருந்தார். உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசினார்.

"கார்ட அழிக்கதுக்கு முன்ன ஒவ்வொரு தடவையும் உங்க பதிவேட்ட எடுத்துப் பாப்பேன். அந்த வாரத்துக் கையெழுத்து இருந்தாத்தான் அழிப்பேன். நவம்பர்ல அந்த மூணையும் அப்படித்தான் அழிச்சேன்."

மறுபடி விரல்களைக் கீபோர்டில் வைத்தார்.

"சொல்லுங்க. அடிக்கேன்."

சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் அடித்தார். தமிழில் இதுதான்: 'மூன்றாவது பதிவு இழக்கப்பட்டது. வாராந்திரக் காப்புப்பிரதியைத் துறையின் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் அக்டோபர் 6 வரை நூற்று நாற்பத்தேழு வாரங்கள் எடுக்காமலே, எடுத்ததாகப் பதிவேட்டில் கையொப்பமிட்டு வந்தார்.'

"பேரு போடணுமா மேடம்?" என்று கேட்டேன்.

"இனிஷியல் என்ன?" என்றார்.

அக்டோபர் 28, சனி

பிரஷர் 138/88. இத்தனை நாளில் இதுதான் குறைவு. வெட்கமாக இருக்கிறது. உலகம்மாள் உப்பைக் குறைத்ததால் என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

ஆய்வேட்டை ஐந்து பிரதி நானே பிரிண்ட் எடுத்தேன். நூற்றுப்பதினான்காம் பக்கத்தில் இருக்கிறேன். வேலாயுதபெருமாள் சார் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாலை விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

அக்டோபர் 31, செவ்வாய்

காலையில் மேடம் திருநெல்வேலிக்குப் போய் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். மூன்று மணிக்கு லேப்புக்கு வந்தார். உறை பிரிக்காத புதுப் பென்டிரைவ் ஒன்று கையில் இருந்தது.

"அந்த ரெண்டையும் இதுல ஏத்துங்க" என்றார். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

ஏற்றினேன். இருபது விநாடி. முடிந்துவிட்டது என்று திரையே சொன்னது. "ஏறிட்டு மேடம்" என்று நானும் சொன்னேன்.

அவர் பென்டிரைவைப் பிடுங்கித் தன் மடிக்கணினியில் செருகினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் பைலைத் திறந்தார். கடைசிவரை கேட்டார். பிறகு இரண்டாவதைத் திறந்தார். இரண்டும் சேர்த்துப் பதினொரு நிமிடம். ஒரு விநாடியைக்கூடத் தாண்டவில்லை.

பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.